முப்பதாம் நாள் வரை எண்ணுங்கள்: திருநெல்வேலி மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராகிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழுவில் இடம்பெற்றுள்ள மாநகரக் காவல், மாவட்டக் காவல், மருத்துவம், போக்குவரத்து, நெடுஞ்சாலை ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் புள்ளியியல் துறையில் வட்டார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரு பூவிலும், அதாவது இரு சாகுபடிப் பருவங்களிலும், நெல் விளைச்சலை அளப்பதிலேயே கழிந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண் சொல்லும் அடிகளை அளந்து நடந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவோம். "சார், அந்தப் பக்கம் நல்லா வெளைஞ்சிருக்கு, அங்கன கயிறு கட்டுங்க" என்பார் வயல்காரர். பயிர்க் காப்பீடு வந்த பிறகு, "இங்கன கட்டுங்க, இங்கனதான் பூராவும் பதரு" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டுக்கும் நாங்கள் இசைந்ததில்லை, ஏனென்றால் கயிறு விழும் இடத்தை எண்தான் முடிவு செய்யும். நெல்லை இவ்வளவு கறாராக எண்ணத் தெரிந்த ஒரு நிர்வாகம் சாலையில் சாகிறவர்களை எப்படி எண்ணுகிறது என்று நான் கேட்கத் தொடங்கியது, என் அக்காளின் கணவர் இறந்த பிறகுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில், களக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரரான அத்தான், ஏத்தன் வாழைத்தார் விற்ற கணக்கை முடித்துக்கொண்டு தம் எக்ஸெல் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நான்குவழிச் சாலையின் ஒரு விலக்கில் (பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் இடத்தை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) குறுக்கே கடந்தபோது ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. 108 வண்டி வந்து அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றது; அங்கே முதலுதவி செய்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தலையில் அடி. பதினொரு நாள் கழித்து, உறவினர் சொன்னதைக் கேட்டு, வேறொரு மாவட்டத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்கு மாற்றினோம். இருபத்து மூன்றாம் நாள் அங்கே எங்களை அழைத்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துப் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸில் கொண்டு வந்தோம். மறுநாள், அதாவது இருபத்து நான்காம் நாள், விடிவதற்கு முன் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. "இதுக்கு மேல அறுத்துக் கூறு போட வேண்டாம்" என்று அக்காள் அழுதாள்; நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலைக்குள் அடக்கம் முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிந்தபோது, என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு எங்களில் யாரோ "உடம்பு சரியில்லாமல் கிடந்தார்" என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவே ஏட்டில் ஏறியது. கணக்கெழுதியே பிழைத்தவன் நான். இந்தக் கணக்குப் பிழையில் என் கையும் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காவல் நிலையத்தில் அந்த வழக்கு காய வழக்காகவே நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சொல்லவில்லை. மருத்துவமனையும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏட்டின்படி நோயாளி உயிரோடு வெளியே போனவர். நிலையத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இறப்புத் தகவல் சீட்டு வரவில்லை. 108-இன் பதிவு, முதல் மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, இரண்டாவது மருத்துவமனையின் அனுப்பீட்டுச் சீட்டு, தனியார் மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம், நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, கிராமத்து இறப்புப் பதிவேடு என ஆறு ஏடுகளில் அத்தான் இருக்கிறார். ஒன்றிலும் யாரும் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. ஆனாலும் ஆறையும் சேர்த்துப் படிக்க ஆள் இல்லாததால், அந்த ஆண்டின் சாலை விபத்துப் புள்ளிவிவரத்தில் அவர் காயமடைந்தவர்களின் கூட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறார்.

இதனால் குடும்பத்துக்கு நேர்ந்தது சிறிதல்ல. அடித்துவிட்டு ஓடிய வாகனம் அடையாளம் தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி, இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. அக்காள் விண்ணப்பித்தபோது பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்டார்கள், எங்களிடம் ஏது? ஆனால் இந்த மடல் அந்தப் பணத்துக்காக எழுதப்படுவதன்று. அத்தானைப் போல இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு உங்கள் குழுவிடம் விடை இருக்க முடியாது என்பதையும், அந்த விடையைத் தேடுவதற்கு வேண்டியவை அத்தனையும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இறப்பு எப்படி எண்ணப்படுகிறது என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டி, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, சுருங்கச் சொல்கிறேன். விபத்து நடந்ததும் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது. 2024 ஜூலை 1-க்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 279, காயத்துக்கு 337, கொடுங்காயத்துக்கு 338, சாவுக்கு 304-ஏ என்று இருந்த பிரிவுகள், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 281, காயம் இரண்டுக்கும் 125, சாவுக்கு 106(1) ஆகியிருக்கின்றன. அடிபட்டவர் சிகிச்சையில் இறந்தால், மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்தின் வழியாக நிலையத்துக்குத் தகவல் வரும். பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை நடக்கும். வழக்கின் பிரிவு மாற்றப்படும். காயம் சாவாக மாறுவது புள்ளிவிவரத்தில் அந்தப் பிரிவு மாற்றத் தாளில்தான். அந்தத் தாள் எழுதப்படாவிட்டால் சாவும் இல்லை. நிலையத்தின் கணக்கு மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும் போய், முடிவில் டெல்லியில் இரண்டு வெளியீடுகளாக அச்சாகிறது. ஒன்று சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தினுடையது, மற்றது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தினுடையது. இரண்டுக்கும் மூலம் காவல் துறை ஏடுகளே. ஆனாலும் 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் முன்னதன்படி 1,68,491 பேர், பின்னதன்படி 1,71,100 பேர். ஒரே கிணற்றில் இறைத்த இரண்டு வாளிகளுக்கு நடுவே 2,609 உயிர் வித்தியாசம்.

விபத்து நடந்து 30 நாளுக்குள் அதனால் இறந்தவரைச் சாலை விபத்தில் இறந்தவராகக் கொள்ள வேண்டும் என்பது உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட வரையறை. நம் அமைச்சகத்தின் வரையறையும் அதுவே. ஆகவே விதியில் குறையில்லை. காய வழக்கில் பெயர் எழுதப்பட்ட ஒருவர் முப்பதாம் நாளில் எப்படி இருக்கிறார் என்று போய்க் கேட்பது யாருடைய வேலை என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. நிலைய எழுத்தர் கேட்கலாம். ஆனால் அவர் தலையில் ஏற்கெனவே இருக்கிற சுமையை நான் அறிவேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த ஓட்டையின் அகலத்தைப் பலரும் பலவாறு மதிப்பிட்டிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுக்கு இந்தியா அறிவித்த சாலை இறப்புகள் 1,50,785. அதே ஆண்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது 2,99,091. 2021-ஆம் ஆண்டுக்கு அறிவிப்பு 1,53,972, மதிப்பீடு 2,16,618. உலகச் சுகாதார நிறுவனத்தின் எண் ஒரு கணித மாதிரியிலிருந்து வருவது என்பதையும், மாதிரி மாறினால் எண்ணும் மாறும் என்பதையும் புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். ஐந்தே ஆண்டில் நாட்டில் எண்பதாயிரம் சாவு குறைந்துவிட்டதென்று யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் மாதிரியை நம்பாதவர்களின் கையிலும் அதைவிடச் சிறந்த எண் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அது டெல்லியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையன்று. மாவட்டத்தில் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டியது.

ஏடுகளில் என்ன நடக்கிறது என்பதற்கு, வெளியிடப்பட்ட எண்களிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884. அதாவது நூறு விபத்துக்கு ஏறக்குறைய 28 சாவு. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே அதே ஆண்டில் 43,910 விபத்துகள், 4,317 சாவுகள், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பீகாரிலோ 10,801 விபத்துகளுக்கு 8,898 சாவுகள், நூற்றுக்கு 82. சோதனைச் சாவடியைக் கடந்ததும் லாரிகள் மென்மையாகிவிடுகின்றன என்றோ, பீகாரில் அடிபட்ட ஐவரில் நால்வர் செத்தே தீர்கிறார்கள் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவ வசதி, சாலையின் வேகம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளியின் பெரும்பகுதி, எந்த அளவு காயத்துக்கு வழக்குப் பதிவது என்ற பழக்கத்தின் இடைவெளி. காய வழக்குகளையே சரியாகப் பதியாத இடத்தில், காயத்திலிருந்து சாவுக்குப் போனவரைத் தேடக்கூட ஒரு பெயர்ப்பட்டியல் இருக்காது. நம் மாநிலம் இந்த வகையில் நடுவில் நிற்கிறது. நம்மிடம் பெயர்ப்பட்டியல் ஓரளவுக்கேனும் உண்டு. அதனால்தான் இந்த வேண்டுகோளைத் துணிந்து வைக்கிறேன்.

திருநெல்வேலிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. அவற்றை மாநில அளவில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க முடியாது. ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்தும் அடிபட்டவர்கள் வருகிறார்கள். ஆலங்குளத்தில் அடிபட்டவர் பாளையங்கோட்டையில் இறந்தால், இறப்பு பதிவாவது மாநகராட்சியில். வழக்கு இருப்பது தென்காசி மாவட்டத்தில். தகவல் போவது மாநகரக் காவல் எல்லைக்குள்ளிருக்கும் புறக்காவல் நிலையத்தின் வழியாக. எதிர்த்திசையில், வள்ளியூரிலும் காவல்கிணற்றிலும் அடிபட்டவர்கள் நாகர்கோவிலுக்குப் போகிறார்கள், சிலர் திருவனந்தபுரத்துக்கே கொண்டு செல்லப்படுகிறார்கள். அங்கே இறந்தால் தகவல் மாநில எல்லையைத் தாண்டி வர வேண்டும். இது போதாதென்று, மாநகரக் காவல் ஆணையரகம் ஒரு கணக்கும் மாவட்டக் காவல் அலுவலகம் ஒரு கணக்கும் தருகின்றன. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய திருநெல்வேலியின் எண்ணை அதற்குப் பிந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, விபத்துகள் குறைந்தன என்று மேடையில் பேசியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பாதி மாவட்டம் பிரிந்து போனால் விபத்து மட்டுமா குறையும், மழையும் பிறப்பும் ரேஷன் கடையும்கூடத்தான் குறையும்.

எத்தனை பேர் என்பதைப் போலவே எங்கே என்பதும் கணக்கில் தடுமாறுகிறது. முதல் தகவல் அறிக்கையில் சம்பவ இடத்தை நிலையத்திலிருந்து திசையும் தூரமுமாக எழுத வேண்டும். "தெற்கே சுமார் 4 கி.மீ., இன்ன விலக்கு அருகில்" என்று எழுதுவார்கள். கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை எத்தனை விலக்குகள் இருக்கின்றன என்பது அந்தச் சாலையில் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். "அருகில்" என்பது ஐம்பது மீட்டரா, எழுநூறு மீட்டரா? இந்தக் கேள்வி வெறும் நுணுக்கமன்று. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது மொத்தம் 10 சாவுகள் நிகழ்ந்தால்தான் அந்த இடம் கரும்புள்ளி என்று அறிவிக்கப்படும். அறிவித்தால்தான் பணம் வரும், மின்விளக்கும் சேவைச்சாலையும் கீழ்ப்பாலமும் வரும். இரண்டு விபத்துகள் பக்கத்து விலக்கின் பெயரில் எழுதப்பட்டு, ஒரு கொடுங்காயம் சாதாரணக் காயமென்று எழுதப்பட்டால், ஐந்து இரண்டாகிவிடும். அத்தான் அடிபட்ட விலக்கில் இன்றும் விளக்கு இல்லை. அந்த இடத்தில் வேறு யாரெல்லாம் அடிபட்டார்கள் என்று டீக்கடைக்காரர் விரல் விட்டுச் சொல்கிறார். அவர் விரல்களில் எத்தனை உங்கள் ஏட்டில் இருக்கின்றன என்று பார்க்க எனக்கு வழியில்லை.

இவ்வகையில் நல்ல மாற்றம் ஒன்று வந்திருப்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்து, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், விசாரணை அலுவலர் சம்பவ இடத்தில் நின்றே கைப்பேசியில் படமும் இருப்பிடமும் பதிகிறார். அதை முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இனி விலக்குகள் குழம்புவது குறையும். ஆனால் அந்தச் செயலியும் காவலர் சம்பவ இடத்துக்குப் போன நாளில் தொடங்குகிறது. இருபத்து நான்காம் நாள் வீட்டில் நடந்ததை அதற்குள் யாராவது போய் எழுதினால்தான் அதற்குத் தெரியும்.

ஏன் நடந்தது என்ற கட்டத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். 2022-இல் நாட்டில் இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் அதிவேகத்தால் இறந்ததாக அமைச்சகத்தின் அட்டவணை சொல்கிறது. வழக்குப் பதியும் சட்டப் பிரிவே "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற வாசகத்தைக் கேட்கிறது. அது இல்லாமல் வழக்கே நிற்காது. வழக்குக்காக எழுதிய வாசகம் பிறகு காரணமென்று எண்ணப்படுகிறது. சட்டத்தின் நடையை ஆராய்ந்து சாலையின் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். யார் இறந்தார் என்ற கட்டத்திலும் இப்படித்தான். நடந்து போனவர்களின் சாவு அரசின் அட்டவணையில் மிகவும் குறைத்துக் காட்டப்படுகிறது என்று டெல்லி ஐ.ஐ.டி.யின் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன் நெடுங்காலம் சொல்லி வந்தார். 2022-இன் அட்டவணையில் அந்த எண் 32,825, அதாவது இறந்த ஐவரில் ஒருவர்.

மருத்துவத் துறையின் பக்கம் வருகிறேன். இறப்பின் காரணத்தைச் சான்றளிக்கும் படிவத்தில் மருத்துவர் உடனடிக் காரணத்தை முதல் வரியிலும், அதற்கு அடிப்படையானதைக் கீழ்வரியிலும் எழுத வேண்டும். விபத்தில் இறந்தவருக்கு அடிப்படைக் காரணம் தலைக்காயமன்று. எந்த வாகனத்தில், எதனோடு மோதி என்பதுதான். உலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் போக்குவரத்து விபத்துகளுக்கு வி01 முதல் வி99 வரை தனி எண்களே உண்டு. "இதய, நுரையீரல் செயலிழப்பு, தலைக்காயம்" என்று இரண்டு வரியோடு நின்றுவிட்டால், ஏணியிலிருந்து விழுந்தவரும் லாரி அடித்தவரும் ஒரே கட்டத்தில் போய்ச் சேர்வார்கள். அதற்கும் மேலே, 2020-இல் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடே. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் எல்லா மருத்துவ நிறுவனங்களும் காரணச் சான்று தர வேண்டும் என்கிறது. அத்தானைப் போல வீட்டுக்கு வந்து இறப்பவர்களை அந்தத் திருத்தமும் முழுமையாகத் தொடாது.

இனி நான் கேட்பது என்னவென்று சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் விபத்தில் அடிபட்டவர்களின் பட்டியல்கள் ஏற்கெனவே நாலைந்து இருக்கின்றன. காவல் துறையின் பட்டியல் ஒன்று. 2008 முதல் ஓடும் 108 சேவை, யாரை எங்கிருந்து எத்தனை மணிக்கு ஏற்றி எங்கே இறக்கியது என்று வைத்திருக்கும் பட்டியல் ஒன்று. மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேடுகள். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கும் ஒவ்வொருவரின் பெயரும் அடங்கிய பட்டியல். என் அனுபவத்தில், பணம் கைமாறும் ஏடுகளில் பெயர் விடுபடுவது அரிது. ஆகவே இந்தக் கடைசிப் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். இவற்றோடு உள்ளாட்சிகளிலும் கிராமங்களிலும் பதிவாகும் இறப்புகளின் பட்டியல். மாதம் ஒருமுறை இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். காயப் பட்டியலில் உள்ளவர் இறப்புப் பட்டியலில் தென்பட்டால் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தென்படாத கொடுங்காயக்காரர்களின் வீட்டுக்கு முப்பதாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியாமல் எந்த ஊரிலும் ஒருவர் இறப்பதில்லை.

பட்டியல்களை ஒத்துப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒன்றிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் மதிப்பிட முடியும். 1949-இல் சந்திரசேகர் என்ற இந்தியப் புள்ளியியலாளர், அமெரிக்கரான டெமிங்குடன் சேர்ந்து, வங்காளத்தில் சிங்கூர் என்ற இடத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து வகுத்துக் கொடுத்த முறை இது. இன்று உலகம் முழுதும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சொல்லுக்கு ஓர் உதாரணம். காவல் பட்டியலில் 60 சாவு, மருத்துவமனைப் பட்டியலில் 50 சாவு, இரண்டிலும் உள்ளவர்கள் 40 பேர் என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் 70 பேர். ஆனால் மருத்துவமனை கண்ட ஐம்பதில் நாற்பதைத்தான், அதாவது ஐந்தில் நான்கைத்தான், காவல் ஏடு பிடித்திருக்கிறது. அப்படியானால் அதன் 60 என்பது மொத்தத்தில் ஐந்தில் நான்கு, மொத்தம் 75. இரண்டு ஏட்டிலும் வராத ஐந்து பேர் எங்கோ இருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். மருத்துவமனைத் தகவலை வைத்தே காவல் ஏடு எழுதப்படும்போது, உண்மையில் விடுபட்டவர்கள் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் கூடுதலாகத்தான் இருப்பார்கள். என்றாலும் ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒத்துப் பார்ப்பது சொல்வதுபோல் எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் ஒருவர் 108-இன் ஏட்டில் இசக்கிமுத்து, மருத்துவமனையில் எசக்கி, நிலையத்தில் ஆதாரில் உள்ளபடி முத்து, இறப்புப் பதிவில் வீட்டுப்பெயரான சுடலை. மயங்கிக் கிடப்பவரின் பெயரைக் கூட வந்தவர் சொல்லித்தான் எழுதுகிறார்கள். கூட வந்தவர் வழியில் போனவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பாமல், அடிபட்ட தேதி, ஏறத்தாழ வயது, ஊர், வாகனம் ஆகிய நான்கில் மூன்று பொருந்தினால் ஒருவரே என்று கொள்ளலாம். ஐயமுள்ளவற்றைத் தனியே வைத்து விசாரிக்கலாம். ஒரு நல்ல கணக்கர் மாதத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிக்கக்கூடிய வேலை.

இதற்கு வரக்கூடிய தடையையும் அறிவேன். இப்படி எண்ணத் தொடங்கினால் முதல் ஆண்டில் மாவட்டத்தின் சாவு எண்ணிக்கை கூடும். சென்ற ஆண்டைவிட இத்தனை விழுக்காடு குறைத்தோம் என்று அறிக்கை தர வேண்டிய அலுவலருக்கு அது தலைவலி. 2030-க்குள் சாலை இறப்புகளைப் பாதியாகக் குறைப்பதாக உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கும்போது, எண்ணுகிறவரே குறைக்க வேண்டியவராகவும் இருந்தால், கயிற்றை எந்த மூலையில் கட்டுவது என்று வயல்காரரிடமே விட்டதுபோல் ஆகும். ஆகவே ஒத்துப் பார்க்கும் பொறுப்பைக் காவல் துறையிடமும் விடாமல், மருத்துவமனையிடமும் விடாமல், ஆட்சியர் அலுவலகத்திலேயே புள்ளியியல் துறையின் துணை இயக்குநரிடம் ஒப்படைக்கும்படி வேண்டுகிறேன். பழைய முறையில் வந்த எண்ணையும் புதிய முறையில் வந்த எண்ணையும் மூன்று ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். கூடியது சாவா, கணக்கா என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும். அண்டை மாவட்டத்துக்காரர்கள் இங்கே இறந்தால், அவர்களைத் தனிப்பத்தியில் காட்டி அந்தந்த மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். நம்மவர்களை அவர்களும் அனுப்பட்டும்.

உங்கள் குழு அமைந்த கதையிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. சாலை இறப்புகளைக் குறைக்கக் கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர் கோயம்புத்தூரின் எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான், மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 2017 நவம்பர் 30-ஆம் நாள் நீதிமன்றம் பணித்தது. தம் மேசைக்கு வந்த உடைந்த எலும்புகளை எண்ணிப் பார்த்த ஒரு மருத்துவரின் மனுவிலிருந்து தொடங்கியது, இன்று நீங்கள் அமரும் அந்தக் கூட்டம் வரை வந்திருக்கிறது.

நடைமுறையில் ஒரு சிறு குறிப்பு. ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-உடன் மூடிவிடாதீர்கள். அன்றிரவு அடிபட்டவருக்கு ஜனவரி 30 வரை நாள் இருக்கிறது. அதற்குள் இறந்தால் அவர் விபத்து நடந்த ஆண்டின் கணக்கில்தான் வர வேண்டும். அத்தானும் மார்கழியில் அடிபட்டுத் தையில் இறந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே விழுந்தவர். அவருடைய விபத்துப் பதிவேட்டு நகல், வெளியேற்றச் சுருக்கம், இறப்புச் சான்று மூன்றும் என்னிடம் உள்ளன. அவற்றை அடுத்த திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் தனி மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். முதல் மூன்று மாதப் பட்டியல்களை ஒத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், ஊதியம் எதுவும் இல்லாமல் நானே வந்து உட்காரச் சித்தமாயிருக்கிறேன். பெயர்களை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தடையில்லை. கண்ணாடியும் அடிக்கோலும் என்னிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர் (ஓய்வு),
பாளையங்கோட்டை.